ரேட் லிமிட்டர் போட்டும் ஷட்டர் பறக்கிறது: எக்ஸ்காஸில் எங்கே தவறு?

கடைமடைக்காரன் | செவ்வாய், இரவு 9:50

வணக்கம். இறுதியாண்டு மாணவன், ஊர் நீடாமங்கலம் பக்கம். மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறதல்லவா, அதற்குக் கீழே ஒரு கிளை வாய்க்காலில் பழைய ரெகுலேட்டர் ஒன்று இருக்கிறது. கையால் சுற்றுகிற ஷட்டர். அதை மோட்டார் வைத்துத் தானாக இயக்கினால், மேல்பக்க நீர்மட்டத்தை 1.50 மீட்டரில் பிடித்து வைக்க முடியுமா என்பதுதான் புராஜெக்ட். கல்லூரியில் சிமுலிங்க் (பிளாக்குகளை இணைத்து மாதிரி ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) இருக்கிற கம்ப்யூட்டருக்கு எப்போதும் வரிசை. அதனால் அதே மாதிரியான இலவச மென்பொருள், சைலேப் எக்ஸ்காஸில் செய்கிறேன்.

மாதிரி சின்னதுதான். மட்டம் அளக்கும் சென்சார், பிஐ கன்ட்ரோலர் (இப்போதைய பிழையையும் இதுவரை சேர்ந்த பிழையையும் பார்த்துக் கட்டளை கொடுப்பது), ஷட்டர், வாய்க்கால், அவ்வளவு. ஷட்டர் நினைத்த மாத்திரத்தில் நகராது என்பதற்காக இடையில் ரேட் லிமிட்டர் (மாறும் வேகத்துக்கு எல்லை வைக்கும்) பிளாக் போட்டிருக்கிறேன். வேகத்தை நானே நேரில் போய் அளந்தேன். மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரும் அவர் மகனும் மாற்றி மாற்றிக் கைப்பிடி சுற்ற, திருகுதண்டில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். 20 நிமிடத்தில் 80 செ.மீ. ஏறியது. நிமிடத்துக்கு 4 செ.மீ. பிளாக்கில் ஏறும் சரிவு 0.04, இறங்கும் சரிவு −0.04 என்று கொடுத்தேன்.

ஆனால் பிளாக் இருந்தாலும் எடுத்தாலும் கிராஃப் ஏறக்குறைய ஒன்றேதான். 1.2 மீட்டர் முழுத் திறப்பும் அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பிளாக்கில் ஏதாவது பிழையா? பேசாமல் இதை எடுத்துவிட்டு முதல் வரிசை ஃபில்டர் ஒன்றைப் போட்டால் போதாதா?

இரண்டாம்_போகம் | செவ்வாய், இரவு 10:04

அரை நிமிடத்தில் திறக்கிற ஷட்டரா? எங்கள் ஊருக்கும் இரண்டு அனுப்புங்கள் தம்பி.

நாற்றங்கால் | செவ்வாய், இரவு 10:31

தம்பி, பிளாக்கில் பிழை இல்லை. உங்கள் மாதிரியில் நேரம் எந்த அலகில் ஓடுகிறது? வாய்க்கால் கணக்கில் கன மீட்டர்/விநாடி என்று போட்டிருந்தால் மொத்த மாதிரியும் விநாடியில்தான் ஓடும். அப்படியானால் 0.04 என்றால் விநாடிக்கு 4 செ.மீ. 1.2 மீட்டருக்கு 30 விநாடி. நீங்கள் சொன்ன அரை நிமிடம் அதுதான். 0.04/60 என்று போடுங்கள், 30 நிமிடம் ஆகும். அந்த 60-ஐ வகுத்து 0.000667 என்று எழுதிவிடாதீர்கள். 0.04/60 என்றே பெட்டியில் விட்டால், ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்க்கும்போதும் இது நிமிடக் கணக்கிலிருந்து வந்தது என்று தெரியும்.

ஃபில்டர் போதாதா என்ற கேள்விக்கு: போதாது. இரண்டும் வேறு ஜாதி. ஃபில்டர் போட்டால் 10 செ.மீ. கேட்டாலும் 40 செ.மீ. கேட்டாலும் முக்கால்வாசி தூரம் போக ஒரே நேரம்தான் ஆகும், ஏனென்றால் தூரம் கூடினால் வேகமும் கூடிவிடும். உங்கள் லஸ்கரால் அப்படிச் செய்ய முடியுமா? 10 செ.மீ.க்கு இரண்டரை நிமிடம் என்றால் 40 செ.மீ.க்குப் பத்து நிமிடம். நேரம் தூரத்தோடு சேர்ந்து வளர்கிறது. எந்தக் கருவியிலும் இந்தச் சோதனையைச் செய்து பார்த்தாலே எதைப் போட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

பிளாக்குக்குள் நடப்பது இதுதான், ஒவ்வொரு அடிக்கும்:

மாற்றம் = உள்ளே வருவது − பழைய வெளியீடு
மேல் எல்லை = ஏறும் சரிவு × இடைவெளி
கீழ் எல்லை = இறங்கும் சரிவு × இடைவெளி
புதிய வெளியீடு = பழைய வெளியீடு + (மாற்றத்தை இரண்டு எல்லைக்குள் வெட்டியது)

இறங்கும் சரிவு மைனஸ் எண்ணாக இருக்க வேண்டும். நீங்கள் சரியாகவே போட்டிருக்கிறீர்கள். இங்கே பாதிப் பேர் தடுக்கி விழுகிற இடம் அது.

கடைமடைக்காரன் | புதன், இரவு 8:15

அக்கா, நன்றி. அலகுதான். மாற்றியதும் ஷட்டர் நிதானமாக ஏறுகிறது.

ஆனால் இப்போது வேறு தலைவலி. மேலிருந்து வரும் தண்ணீர் கொஞ்சம் மாறி, மட்டம் 5 செ.மீ. தவறினால் கன்ட்ரோலர் அழகாகச் சரிசெய்துவிடுகிறது. அதே மாதிரியில் 30 செ.மீ. தவறும்படி பெரிய மாற்றம் கொடுத்தால் ஆட ஆரம்பிக்கிறது, நிற்பதே இல்லை. கன்ட்ரோலர் ±60 செ.மீ. கேட்கிறது, ஷட்டர் ±30 செ.மீ. மட்டும் போகிறது. ஒரு சுற்றுக்கு 30 நிமிடம். ஷட்டரின் கோடு கோவில் மதில் வர்ணம் மாதிரி முக்கோணம் முக்கோணமாக வருகிறது. கெயின் (பிழைக்கு எவ்வளவு பலமாகப் பதில் தருவது என்ற எண்) எதையும் மாற்றவில்லை. ஒரே கன்ட்ரோலர் சின்னதற்கு ஒரு மாதிரி, பெரியதற்கு வேறு மாதிரி எப்படி நடந்துகொள்ளும்?

நாற்றங்கால் | புதன், இரவு 10:12

அதுதான் ரேட் லிமிட்டரின் குணம். சின்ன ஆட்டத்துக்கு அது இருப்பதே தெரியாது, உள்ளே வருவதை அப்படியே வெளியே விடும். ஆட்டம் பெரிதாகும்போது மட்டும் விழித்துக்கொள்ளும். விழித்தால் இரண்டு வேலை செய்யும்: வீச்சைக் குறைக்கும், தாமதத்தைக் கூட்டும். வீச்சைக் குறைப்பதால் கெடுதல் இல்லை. ஆட வைப்பது அந்தத் தாமதம்தான்.

உங்கள் எண்களையே வைத்துப் பார்ப்போம். 30 நிமிடச் சுற்றில் ஷட்டர் நடுவிலிருந்து உச்சிக்குப் போகக் கிடைப்பது கால் சுற்று, ஏழரை நிமிடம். நிமிடத்துக்கு 4 செ.மீ. வீதம் 30 செ.மீ. கிராஃபில் இருப்பதும் அதே 30. அதாவது உங்கள் ஷட்டர் ஒரு நொடிகூட ஓயாமல் முழு வேகத்தில் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கிறது. முக்கோணம் வருவது அதனால்தான்.

இப்போது தாமதம். ஷட்டர் உச்சியில் திரும்புவது எப்போது? கட்டளை கீழே இறங்கி வந்து ஷட்டர் இருக்கும் இடத்தைத் தொடும்போது. அதுவரை கட்டளை மேலேயே இருக்கிறது, ஷட்டரும் அதைப் பார்த்து ஏறிக்கொண்டே இருக்கும். கட்டளை சைன் அலை என்று வைத்துக்கொண்டால், 60 உச்சத்திலிருந்து 30-க்கு இறங்க 60 டிகிரி ஆகும், ஏனென்றால் 60 டிகிரியின் கொசைன் அரை. 30 நிமிடச் சுற்றில் 60 டிகிரி என்றால் ஐந்து நிமிடம். உங்கள் கிராஃபில் கட்டளையின் உச்சிக்கும் ஷட்டரின் உச்சிக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள், ஐந்து நிமிடத்தை ஒட்டி இருக்கும்.

கன்ட்ரோலரை டியூன் செய்தபோது இந்த 60 டிகிரி உங்கள் கணக்கில் இல்லை. 45 டிகிரி மார்ஜின் (ஆட்டம் தொடங்கும் முன் தாங்கக்கூடிய தாமதம்) வைத்திருந்தால்கூட இது மொத்தமாகத் தின்றுவிடும். முழு முக்கோணம் ஆகிவிட்ட நிலையில் இந்தத் தாமதம் எப்போதும் ஆர்க்கொசைன்(வெளி வீச்சு ÷ உள் வீச்சு). கட்டளை பெரிதாகப் பெரிதாக 90 டிகிரியை நெருங்கும், அதைத் தாண்டாது.

ஆகாயத்தாமரை | புதன், இரவு 11:05

கொஞ்சம் தலைப்பை விட்டு வெளியே போகிறேன், மன்னிக்கவும். விமானத் துறையில் இதே விஷயத்துக்குப் பெரிய விலை கொடுத்திருக்கிறார்கள். சுவீடனின் ஜாஸ் 39 கிரிப்பன் போர் விமானம் 1989 பிப்ரவரியில் தரையிறங்கும்போது ஒரு முறை விழுந்தது. 1993 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் விழாவில் கூட்டத்துக்கு மேலே பறந்துகொண்டிருந்தபோது இன்னொரு முறை. இரண்டாவது விபத்தில் விமானி ஸ்டிக்கை வேகமாக ஆட்டினார், விமானத்தைத் திருப்பும் அசையும் பரப்புகள் தங்கள் வேக எல்லையில் முட்டிக்கொண்டன, விமானம் தாமதமாகப் பதில் சொன்னது, அதைப் பார்த்து அவர் இன்னும் பெரிதாக ஆட்டினார். நல்லவேளையாக இரண்டு முறையும் விமானி உயிர் தப்பினார். தம்பியின் பிஐ கன்ட்ரோலர் இப்போது அந்த விமானியின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாம்_போகம் | புதன், இரவு 11:09

வாய்க்கால் ஷட்டரில் ஆரம்பித்துப் போர் விமானம் வரை வந்துவிட்டோம். பேரே ஆகாயத்தாமரை, ஆகாயத்துக்குப் போகாமல் என்ன செய்வார். தாமரை எங்கள் மதகை அடைத்துக்கொண்டிருப்பதையும் ஒரு பிளாக்காகப் போடுங்கள்.

கடைமடைக்காரன் | வியாழன், மாலை 6:40

அளந்தேன் அக்கா. ஐந்தே கால் நிமிடம். கட்டளை சுத்தமான சைன் இல்லை, அதனால் அந்தக் கால் நிமிடம் என்று நினைக்கிறேன். கிராஃபைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஷட்டர் நிஜமாக எங்கே இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குத் தெரிந்தால் இவ்வளவு கேட்காது என்று தோன்றியது. ஆன்டி வைண்ட்அப் (ஷட்டர் போக முடியாத அளவுக்குக் கட்டளை சேர்ந்துகொண்டே போகாமல் தடுப்பது) பாடத்தில் படித்த மாதிரி, ரேட் லிமிட்டரின் வெளியீட்டிலிருந்து கட்டளையைக் கழித்து, அதைக் கன்ட்ரோலரில் பிழையைச் சேர்த்துக்கொண்டே போகும் இன்டெக்ரேட்டருக்குத் திருப்பி விட்டேன். ஓட்டினால் 'அல்ஜீப்ரா சுழல்' என்று நின்றுவிடுகிறது.

நாற்றங்கால் | வியாழன், இரவு 9:58

யோசனை சரி, பிளாக்தான் இடிக்கிறது. எல்லைக்குள் இருக்கும்போது ரேட் லிமிட்டர் உள்ளே வருவதை அந்தக் கணமே வெளியே விடுகிறது. அதைச் சுற்றி ஒரு வளையம் போட்டால், 'இந்தக் கணத்தின் வெளியீடு தெரிய இந்தக் கணத்தின் வெளியீடு வேண்டும்' என்று மென்பொருள் முழிக்கும். நடுவில் ஒரு டிலே பிளாக் வைத்தால் நிற்கும், ஆனால் அது ஒட்டுப்போடும் வேலை. எனக்குப் பிடித்த வழி, ரேட் லிமிட்டரை நாமே கட்டுவது:

(கட்டளை − ஷட்டர் இடம்) ÷ டிடி → சாச்சுரேஷன், ±0.04/60 → இன்டெக்ரேட்டர் → ஷட்டர் இடம்

மூன்றே பிளாக். டிடி என்பது எல்லைக்குள் இருக்கும்போது ஷட்டர் கட்டளையைப் பிடிக்க எடுக்கும் சின்ன நேரம், சாச்சுரேஷன் என்பது எல்லையில் வெட்டுவது. ஷட்டர் இருக்கும் இடம் இப்போது ஒரு நிலை மாறி, இன்டெக்ரேட்டரின் நினைவிலிருந்து வருகிறது. அதனால் அல்ஜீப்ரா சுழல் வராது. இன்டெக்ரேட்டருக்கு 0 முதல் 1.2 வரை எல்லையும் வைத்துவிடுங்கள், ஷட்டர் தரைக்குள் இறங்காது. நிஜ ஷட்டரும் இதே மாதிரிதான்: மோட்டார் வேகத்தைக் கொடுக்கிறது, வேகம் சேர்ந்து இடமாகிறது. ரெடிமேட் பிளாக்கைவிட இது படத்தில் பார்க்கவே உண்மையாக இருக்கும். மாடலிக்கா (இன்னொரு சிமுலேஷன் மொழி) நூலகத்தில் உள்ள ஸ்லூ ரேட் லிமிட்டரும் உள்ளுக்குள் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

டிடி எவ்வளவு என்பதில் கவனம். அந்த மாடலிக்கா பிளாக்கில் சும்மா விட்டால் 0.001 விநாடி. ஷட்டருக்கு அது அபத்தம். விடாமல் சொல்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது: நீங்கள் 24 மணி நேரம் ஓட்டப்போகிறீர்கள், 86,400 விநாடி. ஓடிஇ45 போன்ற எக்ஸ்ப்ளிசிட் சால்வர் (சமன்பாடுகளை அடி அடியாகத் தீர்க்கும் பகுதி) நிலையாக ஓட வேண்டுமானால் அடி நீளம் டிடியைப் போல் மூன்று மடங்குக்குள் இருக்க வேண்டும். 3 மில்லி விநாடி அடியில் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 3 கோடி அடி. கம்ப்யூட்டர் சூடாவதுதான் மிச்சம். வேடிக்கை என்னவென்றால், ஷட்டர் முழு வேகத்தில் ஓடும்போது இந்தச் சிக்கல் இல்லை, சாச்சுரேஷன் வெட்டிவிடுவதால். ஷட்டர் கட்டளையைப் பிடித்துவிட்டுச் சும்மா இருக்கும்போதுதான் சால்வர் தவழும். என் முதல் வேலையில் இதைக் கண்டுபிடிக்காமல் இரண்டு நாள் போனது. டிடி 5 விநாடி போடுங்கள். முழு வேகத்தில் ஏறும் கட்டளையைப் பின்தொடரும்போது பிழை, வேகம் × டிடி, 0.33 செ.மீ. சாக்பீஸ் கோட்டின் தடிமன்தான். இல்லையென்றால் பெரிய அடியிலும் நிலையாக ஓடும் ஸ்டிஃப் சால்வருக்கு மாறுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. கன்ட்ரோலரையே நகர்வாக எழுதுவது (கேபி, கேஐ என்பவை பிஐ-யின் இரண்டு கெயின்கள்):

நகர்வு = கேபி × (பிழை − பழைய பிழை) + கேஐ × பிழை × இடைவெளி
நகர்வை ± வேகம் × இடைவெளிக்குள் வெட்டு
புதிய கட்டளை = ஷட்டர் இப்போது இருக்கும் இடம் + நகர்வு

கடைசி வரியைப் பாருங்கள். பழைய கட்டளையோடு கூட்டவில்லை, ஷட்டர் இருக்கும் இடத்தோடு கூட்டுகிறோம். அதனால் கன்ட்ரோலர் ஷட்டரை விட்டு ஓடிப்போகவே முடியாது, தனியாக ஆன்டி வைண்ட்அப் வேண்டாம். ஒரு குறை: பிழை திடீரென்று தாவினால் கேபி கொடுக்கும் பெரிய உதை வெட்டுப்பட்டு அப்படியே காணாமல் போகும், திரும்ப வராது. வாய்க்கால் மட்டம் அப்படித் தாவாது என்பதால் உங்களுக்கு ஒத்துவரும்.

டிப்ளமோ_மோட்டார் | வெள்ளி, காலை 7:20

கும்பகோணத்தில் மோட்டார் வேலை செய்கிறேன். சிமுலேஷன் எல்லாம் எனக்குத் தெரியாது, ஆனால் மேலே உள்ளதைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது.

தம்பி வைக்கப்போகிற மோட்டார் எது? சாதாரண த்ரீ ஃபேஸ் மோட்டார், கியர் பாக்ஸ், இரண்டு கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்ட் விட்டு நிறுத்தும் சுவிட்ச்), ஏற ஒன்று இறங்க ஒன்று. அதுதான் இந்தப் பட்ஜெட்டில் வரும். அது ஒரே வேகத்தில்தான் ஓடும். ஓடும், அல்லது நிற்கும். உங்கள் ரேட் லிமிட்டர் நிமிடத்துக்கு 1 செ.மீ., 2 செ.மீ. என்று இடைப்பட்ட வேகத்திலும் ஷட்டரை நகர்த்துகிறதே, அதை இந்த மோட்டார் செய்யாது. விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) வைத்தால் செய்யும், ஆற்றங்கரைப் பெட்டிக்குள் அதை வைத்து மழைக்காலத்தைத் தாண்டுவது உங்கள் சாமர்த்தியம்.

கான்டாக்டர் என்றால் டெட் பேண்ட் வேண்டும். கட்டளைக்கும் ஷட்டருக்கும் 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மட்டும் ஓடு, அரை செ.மீ.க்குள் வந்தால் நில். இல்லாவிட்டால் சென்சாரில் அலை அடிக்கிற ஒவ்வொரு தடவையும் கான்டாக்டர் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும், ஒரு குறுவை தாங்காது. அப்புறம் ஏறுவதிலிருந்து இறங்குவதற்கு மாறும்போது சில விநாடி நிற்க விடுங்கள்.

இன்னொன்று. பழைய திருகுதண்டு என்றால் நட்டில் தேய்மானம் இருக்கும். திசை மாற்றும்போது கைப்பிடி கொஞ்சம் சும்மா சுற்றும். பார்த்தீர்களா?

கடைமடைக்காரன் | வெள்ளி, மதியம் 1:35

பார்த்தேன் அண்ணா! ஏற்றிவிட்டு இறக்கத் திருப்பியபோது முக்கால் சுற்று வரை ஷட்டர் அசையவே இல்லை. நான் சாக்பீஸ் கோட்டைத்தான் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று அழித்து அழித்துப் போட்டேன். லஸ்கர் சிரித்தார். "அது அப்படித்தான் தம்பி, முதல்ல மூச்சு வாங்கும்" என்றார். அதற்கு பேக்லாஷ் (திசை மாறும்போது வரும் அந்தச் சும்மா சுற்று) பிளாக் போடுகிறேன்.

ரேட் லிமிட்டரை எடுத்துவிட்டு, ஓடு அல்லது நில் என்று மட்டும் சொல்லும் ரிலே பிளாக் போட்டுவிடவா அப்போது?

நாற்றங்கால் | வெள்ளி, மதியம் 2:10

டியூன் செய்யும்போது ரேட் லிமிட்டர் போதும், வேகமாக ஓடும், கணக்கும் கையால் போடலாம். கடைசிச் சோதனைக்கு அண்ணன் சொன்ன ரிலே மாதிரியைப் போட்டு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரையுங்கள். பெரிய ஆட்டத்தில் இரண்டும் ஒட்டிப்போகும், அங்கே எப்படியும் முழு வேகம்தான். கட்டளைக்கு அருகில் வரும்போது மட்டும் ரிலே மாதிரி படிப்படியாக இருக்கும். அந்த வித்தியாசத்தை ரிப்போர்ட்டில் காட்டினால் வைவாவில் கேள்வி கேட்பவரே கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்.

வெண்ணாறு_வடகரை | வெள்ளி, இரவு 8:45

பாசனப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். நல்ல விவாதம். ஆனால் நீங்கள் எல்லோரும் ஷட்டரின் வேகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கரையை யாரும் பார்க்கவில்லை.

வாய்க்காலில் எங்களுக்குப் பெரிய பயம் மட்டம் சட்டென்று இறங்குவதுதான். தண்ணீர் நிற்கும்போது அதுவே கரையை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கிறது. தண்ணீரைச் சட்டென்று வடித்தால் தாங்கல் போய்விடும், ஆனால் மண்ணுக்குள் ஊறிய நீர் உடனே வடியாது. நம் பக்கத்துக் களிமண்ணில் சொல்லவே வேண்டாம். ஈரத்தில் கனத்த கரை அப்படியே வாய்க்காலுக்குள் சரியும். உடைப்பு என்றால் வெள்ளம் வந்தால்தான் என்று நினைக்கிறார்கள். ஆனால் நல்ல வெயில் நாளில் அவசரமாக ஷட்டரை ஏற்றி மேல்பக்கத்தை வடித்துக் கரை சரிந்ததை நான் நின்று பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவில் பியூரோ ஆஃப் ரிக்ளமேஷன் (அந்நாட்டு அரசின் நீர்வளத் துறை அமைப்பு) கால்வாய்களுக்குப் பரவலாகச் சொல்லும் கணக்கு: மணிக்கு 15 செ.மீ.க்கு மேல் இறக்காதே, 24 மணி நேரத்தில் 30 செ.மீ.க்கு மேல் இறக்காதே. அது முக்கியமாகக் கான்கிரீட் தளம் போட்ட கால்வாய்க்கு. மண் கரைக்கு அந்த இடத்து மண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். புராஜெக்டுக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றுவதிலும் நிதானம் உண்டு. 2021 ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தபோது முதலில் 3,000 கன அடி, பிறகுதான் படிப்படியாக 10,000. காய்ந்து வெடித்துக் கிடக்கிற வாய்க்காலில் எடுத்த எடுப்பில் முழு நீரை விட மாட்டோம்.

ஆகவே தம்பி, உங்கள் மாதிரிக்கு இரண்டு இடத்தில் எல்லை வேண்டும்.

இரண்டாம்_போகம் | வெள்ளி, இரவு 9:02

அப்படிப் பார்த்தால் மேட்டூரிலிருந்து கல்லணைக்குத் தண்ணீர் வர மூன்று நான்கு நாள் ஆகிறதே, அதுவும் ரேட் லிமிட்தானே?

நாற்றங்கால் | வெள்ளி, இரவு 9:40

இல்லைங்க, அது டிலே. மேட்டூரில் திறந்த தண்ணீர் ஜூன் 16 வாக்கில் கல்லணைக்கு வருகிறது என்றால், வருகிற நேரம்தான் தள்ளிப்போகிறது. திறந்துவிட்ட அளவு 3,000 ஆனாலும் 10,000 ஆனாலும் நாள்கணக்குதான். ஆற்றில் வரும்போது அலை கொஞ்சம் தேய்ந்து சாய்வதும் உண்டு, அது ஃபில்டர் மாதிரி. ஆனால் மேட்டூரில் படிப்படியாக ஏற்றினார்களே, அது சுத்தமான ரேட் லிமிட்டர். ஒரே ஆற்றில் மூன்றும் இருக்கிறது.

தம்பியின் வாய்க்காலிலும் டிலே இருக்கிறது. ஒன்றரை மீட்டர் ஆழத்தில் சிற்றலையின் வேகம் √(9.81 × 1.5), விநாடிக்கு 3.8 மீட்டர். நீரோட்டம் 0.7 என்றால் கீழ்நோக்கி 4.5. ஆறு கிலோமீட்டர் மேலே நடந்த மாற்றம் ரெகுலேட்டருக்கு வந்து சேர 22 நிமிடம். இதை ரேட் லிமிட்டருக்குள் போட்டு மறைக்காதீர்கள், தனி பிளாக்காக வையுங்கள்.

வடகரை சார் சொன்னது மிக முக்கியம். இரண்டு எல்லையும் ஒன்றல்ல. மட்டத்தின் செட் பாயின்ட்டில் (பிடிக்கச் சொல்லும் மட்டத்தில்) போடுவது நாமாக வைத்துக்கொள்ளும் கட்டுப்பாடு, மண்ணைப் பார்த்து மாற்றலாம். கன்ட்ரோலருக்குப் பிறகு இருப்பது ஷட்டரின் குணம், அதை நாம் மாற்ற முடியாது. செட் பாயின்ட் எல்லை கன்ட்ரோல் வளையத்துக்கு வெளியே இருப்பதால் அது ஆட்டத்தையும் உண்டாக்காது. சொல்லப்போனால் அது இருந்தால் ஷட்டரின் எல்லை விழித்துக்கொள்கிற வாய்ப்பே குறையும்.

நாளைக்கு 30 என்ற எல்லைக்கு மட்டும் சாதாரண ரேட் லிமிட்டர் பொருந்தாது. 30-ஐ 24-ஆல் வகுத்து மணிக்கு 1.25 செ.மீ. என்று போட்டால் விதியை மீற மாட்டீர்கள், ஆனால் அவசரத்துக்குக்கூட இரண்டு மணி நேரத்தில் 30 செ.மீ. இறக்க முடியாது. விதி அதை அனுமதிக்கிறது. அதனால் இப்படிச் செய்யுங்கள், கால் மணிக்கு ஒரு தடவை (தரை என்றால் அதற்குக் கீழே இறக்கக் கூடாத மட்டம்):

தரை ஒன்று = கடந்த 1 மணியின் உச்ச மட்டம் − 0.15
தரை இரண்டு = கடந்த 24 மணியின் உச்ச மட்டம் − 0.30
செட் பாயின்ட் = கேட்பது, தரை ஒன்று, தரை இரண்டு, மூன்றில் பெரியது

24 மணிக்கு 96 எண்களை நினைவில் வைத்தால் போதும். '24 மணி முன்பு இருந்த மட்டம்' என்று டிலே பிளாக் போட்டுச் சுருக்கிவிடாதீர்கள். நடுவில் மட்டம் ஏறி இறங்கியிருந்தால் அது தப்பாகிவிடும், உச்சம்தான் வேண்டும்.

வெண்ணாறு_வடகரை | வெள்ளி, இரவு 10:15

இது போதும். நாங்கள் இதை லாக் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து மனக்கணக்காகச் செய்துகொண்டிருந்தோம்.

கடைமடைக்காரன் | திங்கள், இரவு 9:25

சார், அக்கா, அண்ணா, எல்லோருக்கும் நன்றி. ஓடுகிறது.

முதல் ஓட்டத்தில் ஒரு கூத்து. ஆரம்பித்த உடனே ஷட்டர் முழுக்கத் திறந்து வாய்க்காலைக் காலி செய்தது. அந்த 96 எண்களும் ஆரம்பத்தில் பூஜ்ஜியம். ஏற்றத்துக்கும் மணிக்கு 15 செ.மீ. என்று ஒரு எல்லை வைத்திருந்தேன். செட் பாயின்ட் பூஜ்ஜியத்திலிருந்து 1.50-க்கு மெதுவாக ஏறியது. கன்ட்ரோலர் 'ஓ, மட்டம் பூஜ்ஜியம் வேண்டுமா' என்று திறந்துவிட்டது. இப்போது ஓட்டம் தொடங்கும்போது அளந்த மட்டத்தையே 96 இடத்திலும் நிரப்பிவிடுகிறேன். வடகரை சார் சொன்ன கரைச் சரிவை என் கம்ப்யூட்டரில் செய்து பார்த்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நகர்வு வடிவ கன்ட்ரோலரில் அந்த 30 செ.மீ. மாற்றத்துக்கு ஒரு முறை 4 செ.மீ. தாண்டிப் போய் அடங்கிவிடுகிறது. முக்கோணம் போய்விட்டது. ரிலே மாதிரியில் கடைசியில் ஒரு செ.மீ.க்குள் கொஞ்சம் படி தெரிகிறது, அண்ணன் சொன்ன மாதிரியே.

இறங்கும் வேகத்தைத் தனியாக அளக்காமல் விட்டது உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். இறக்கும்போது நிமிடத்துக்கு 6 செ.மீ. இரண்டும் வேறு என்பதால், சமமாக ஆடும் கட்டளை கொடுத்தால்கூட ஷட்டரின் சராசரி கொஞ்சம் கீழே இறங்கி நிற்கிறது. அதைத் தனியாக ஒரு படமாகப் போட்டிருக்கிறேன்.

சந்தேகத்துக்கு ஏற்றத்தையும் ஒரு தடவை பார்த்தேன். 4 இல்லை, 4.6. சாக்பீஸ், கடிகாரம் எல்லாம் சரி. லஸ்கரிடம் கேட்டால், வியாழக்கிழமை தண்டுக்கு கிரீஸ் போட்டார்களாம். வருடத்துக்கு ஒரு முறைதான் போடுவார்களாம், அதுவும் தண்ணீர் வருவதற்கு முன்னால். 0.04/60 என்பதை மாற்றாமலேயே விட்டுவிட்டேன்.